சேற்று மலைப்பாதையில் கூட்டுப் பயணம்: வாசகர் கேள்வி – பதில்

இடவப்பாதி (ஜூன் தொடக்கத்துத் தென்மேற்குப் பருவமழை) நெருங்கும்போதெல்லாம் இந்தப் பகுதிக்கு ஒரே பொருளைப் பற்றிய கடிதங்கள் வந்து குவிகின்றன. நண்பர்கள் நாலைந்து ஜீப்புகளைச் சேர்த்துக்கொண்டு, மழை நனைத்த மலைப்பாதைகளில் ஏற வேண்டும். அதற்கு எப்படி ஆயத்தமாவது என்று கேட்கிறார்கள். இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கு மேலே உள்ள எஸ்டேட் பாதைகளில் பல ஆண்டுகள் ஜீப் ஓட்டியவன் என்ற முறையில், எனக்கு நேரில் தெரிந்ததை மட்டுமே எழுதுகிறேன்.

மார்த்தாண்டம் வாசகர்: நாங்கள் பதினெட்டுப் பேர், ஏழு ஜீப்புகள் உள்ளன. ஜூன் மாதத்தில் முதல் மழை விழுந்ததும் கீரிப்பாறை வழியாக மாறாமலைப் பக்கம் ஏறி, காட்டுக்குள் ஓர் இரவு கூடாரம் அடித்துத் தங்கிவிட்டு மறுநாள் இறங்க எண்ணியிருக்கிறோம். சேறு நன்றாக இருக்கும் என்பதால்தான் அந்தச் சமயத்தைத் தேர்ந்தெடுத்தோம். எங்கிருந்து திட்டமிடத் தொடங்குவது?

அந்த மண் யாருடையது என்பதிலிருந்து தொடங்குங்கள். நம் மாவட்டத்தின் மேட்டு நிலத்தில் பெரும்பகுதி காப்புக்காடு. அதில் பெரும்பங்கு கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகிறது. காட்டின் ஓரங்களில் 1984இல் தொடங்கப்பட்ட அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு என்று பரந்து கிடக்கின்றன. அவற்றுக்கு இடையிலும் மேலேயும் தனியார் கிராம்பு, ரப்பர் எஸ்டேட்டுகள் உள்ளன. நீங்கள் சொல்லும் ஒரே பாதையில் இந்த மூவகை நிலமும் மாறி மாறி வரும். எஸ்டேட் உரிமையாளர் உங்கள் நண்பர் என்பதால் அவருடைய வாசல்வரை செல்லும் காட்டுப்பாதைக்கும் அவரே அனுமதி கொடுத்துவிட முடியாது.

சரணாலயத்துக்குள் யார் நுழையலாம் என்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு வரையறுக்கிறது. 28ஆம் பிரிவின்படி எழுத்து வழியான அனுமதி வேண்டும். சரணாலயத்துக்கு ஆபத்து விளைவிக்கும் வகையில் தீ மூட்டுவதை அதே சட்டம் தடுக்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் காட்டுக்குள் நடைப்பயணம் செல்வதற்கே தனி விதிகள் வந்துவிட்டன. ஏழு ஜீப்புகளுக்கும் ஓர் இரவுக் கூடாரத்துக்கும் அனுமதி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் நாள் குறிக்காதீர்கள். முதலில் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்துக்கு வழித்தடம், வண்டி எண்கள், ஆட்களின் பெயர்கள் ஆகியவற்றோடு எழுத்தில் விண்ணப்பியுங்கள். "முடியாது" என்று பதில் வந்தால் அந்த வழியை விட்டுவிடுங்கள். சோதனைச் சாவடியில் இருப்பவரிடம் பேசிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அந்த நபரைக் குழுவில் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. பிறகு மேலே ஒரு விபத்து நேர்ந்தால், உதவி கேட்கவே தயங்கும் நிலையில் நீங்கள் நிற்பீர்கள்.

காட்டை விட்டுவிட்டால் சேறே இல்லை என்று எண்ண வேண்டாம். கடையால், அருமனை, குலசேகரம் பகுதிகளில் சரிவான தனியார் ரப்பர் தோட்டங்கள் பல இருக்கின்றன. உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி, பால்வெட்டு முடிந்த பிறகு உள்ளே நுழைந்து, பாதை பழுதானால் செப்பனிட்டுத் தருவதாகவும் உறுதி கொடுத்துச் செய்யும் ஒரு நாள் பயணம், முதன்முறை செல்லும் பதினெட்டுப் பேருக்குத் தாராளமாகப் போதும்.

அடுத்தது வண்டிகளின் எண்ணிக்கை. ஏழு மிக அதிகம். மூன்றிலிருந்து ஐந்து வரை இருப்பதே நல்லது. வண்டி திருப்ப இடமில்லாத ஒற்றைப் பாதையில் மூன்றாவது ஜீப் புதைந்தால் அதற்குப் பின்னால் வரும் நான்கும் நகர முடியாது. ஒரு வழுக்குமேட்டை ஒவ்வொரு வண்டியாக ஏற்றப் பத்து நிமிடம் என்றால் ஏழு வண்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது; அதில் ஒன்று புதைந்தால் இன்னொரு மணி நேரம். இப்படி மூன்று மேடுகள் வந்தால் பகல் முடிந்துவிடும். ரப்பர் மர நிழலில் மழை நாளில் மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடுகிறது. யானைகள் பாதைக்கு இறங்குவதும் அந்த நேரத்தில்தான். ஆகவே எங்கே இருந்தாலும் பகல் ஒரு மணிக்குத் திரும்புவது என்று புறப்படும் முன்பே எல்லோரும் கூடி முடிவெடுத்து, அந்த முடிவை மாற்றும் உரிமை யாருக்கும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். "இன்னும் அரைக் கிலோமீட்டர்தானே" என்ற பேச்சு எழும்போது இந்த ஏற்பாடு கைகொடுக்கும்.

கடைசியாக, முதல் மழையின் சேற்றை விரும்பித் தேர்ந்தெடுத்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதற்கு நேர்மாறாகச் சொல்வேன். டிசம்பரிலிருந்து பிப்ரவரிவரை ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும்போது வெயில் தரையில் விழுந்து பாதைகள் இறுகிவிடும். அப்போது உங்களில் இருவர் அந்த வழியை நடந்தே பார்த்துவிட்டு வாருங்கள். எங்கே வண்டி திருப்பலாம், எந்த வளைவில் ஒரு பக்கம் பள்ளம், எந்த ஓடையில் பாறையடி, எந்த ஓடையில் மணலடி என்று குறித்துக்கொள்ளுங்கள். நிலம் காய்ந்திருக்கும்போது பார்த்து வைக்காத பாதையை மழையில் புரிந்துகொள்ள முடியாது. சேற்றுப் பயணத்தை ஒரு பருவம் தள்ளிப்போட்டால் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை.

குலசேகரம் வாசகர்: கீழே வெயில் அடிக்கிறது; மேலே போனால் பாதை கரைந்து கிடக்கிறது. புறப்படும் முன்பே இதை அறிய வழி உண்டா?

உண்டு; அதற்குப் பணமும் செலவாகாது. நம் மாவட்டத்தின் மழையளவு தினமும் இடவாரியாகச் செய்தித்தாள்களில் வருகிறது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, பாலமோர், சுருளோடு, சிற்றாறு, ஆனைக்கிடங்கு, மாம்பழத்துறையாறு என்று நீளும் அந்தப் பட்டியலை விவசாயிகள் கவனமாகப் படிக்கிறார்கள். ஜீப் ஓட்டுவோரும் படிக்க வேண்டும். நாகர்கோவிலின் அளவைப் பார்த்து மலையை எடைபோடக் கூடாது. கீரிப்பாறைப் பக்கம் செல்பவர் பாலமோரையும், கோதையாற்றுப் பக்கம் செல்பவர் பேச்சிப்பாறையையும் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் அளவு மட்டும் போதாது. கடந்த மூன்று நாள்களின் அளவைக் கூட்டிப் பாருங்கள். நம் மலையடிவார மண் பெரும்பாலும் சரல் (சரளைக்கல்) கலந்த செம்மண். அதன்மேல் களி படிந்திருக்கும் இடங்களும் உண்டு. சரல் பாதை வெயில் பட்டால் இரண்டு நாளில் தேறிவிடும். அதே மழை, அடர்ந்த தோட்டத்துக்குள் இருக்கும் களிப் பாதையை ஒரு வாரம்வரை உலரவிடாது. வானிலை மையம் ஒரே நாளில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்வதைக் கனமழை என்று வகுத்திருக்கிறது. பாலமோரில் அந்த அளவு பதிவான நாளிலும் அதற்கடுத்த மூன்று நாள்களிலும் நான் மேலே ஏறுவதில்லை. இது சட்டம் அல்ல, என் பழக்கம். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை இருக்கும் நாள்களைப் பற்றி விவாதிக்கவே வேண்டியதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு இரண்டாவது மழைக்காலம் வருவதையும் மறக்க வேண்டாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கடந்தபோது மலையோரத்தில் ரப்பர் மரங்கள் முறிந்து பாதைகளின் குறுக்கே கிடந்த கிடப்பைக் கண்டவர்கள், காற்று அடிக்கும் நாளில் தோட்டத்துக்குள் வண்டி ஓட்டத் துணியமாட்டார்கள். ரப்பர் மரம் காற்றுக்கு எளிதில் முறியக்கூடியது.

நாகர்கோவில் வாசகர்: எங்களிடம் ஒரு பழைய மகிந்திரா மேஜர், ஒரு மகிந்திரா தார், ஒரு மாருதி ஜிம்னி, முன்சக்கரங்கள் மட்டும் இயங்கும் ஒரு எஸ்.யூ.வி. ஆகியவை உள்ளன. நான்கையும் கொண்டுபோகலாமா? டயரில் காற்று எவ்வளவு வைப்பது?

எஸ்.யூ.வி.யை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு அதன் உரிமையாளரைத் தாரில் ஏற்றிக்கொள்ளுங்கள். உயரமாகத் தெரியும் வண்டி எல்லாம் சேற்றுக்கு உகந்தது அல்ல. ஏற்றத்தில் எடை பின்பக்கம் சாயும்போது முன்சக்கரங்கள் பிடிமானத்தை இழந்து சுழலும்.

மற்ற மூன்றும் மூன்று விதம். தாரின் அடிப்பகுதி தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது, ஜிம்னியுடையது 210. ஆனால் ஜிம்னி மிக இலகுவானது. தார் அழுத்திக்கொண்டு இறங்கும் இடத்தில் அது மேலோடிப் போவதைப் பார்த்திருக்கிறேன். தார் வகுத்த ஆழமான தடங்களில் ஜிம்னியின் வயிறு தட்டும் என்பதால், சேற்றில் ஜிம்னியை முன்னே விடுவதே நல்லது. மேஜரைப் பொறுத்தவரை, அதன் பிரேக், ரேடியேட்டர், குழாய்கள், பேட்டரிக் கட்டு எல்லாவற்றையும் ஒரு வாரத்துக்கு முன்பே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். அது பழுதானால் சாதாரண ஸ்பேனரை வைத்தே மலையில் சரிசெய்ய முடியும் என்பது அதன் பெருமை.

டயர் காற்றைச் சாலையில் வைக்கும் முப்பதுக்கு மேற்பட்ட அளவிலிருந்து சேற்றில் இருபது பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம். டயர் பரந்து படியும்போது வண்டியின் எடை கூடுதல் பரப்பில் பகிரப்படுகிறது. ஆகவே குறைவாகப் புதையும், பாதையையும் குறைவாக வெட்டும். பதினைந்துக்குக் கீழே இறக்கினால் திருப்பத்தில் டயர் விளிம்பு ரிம்மைவிட்டுக் கழன்றுவிடக்கூடும். எப்படியும் கையோடு ஒரு சிறிய காற்றடிக்கும் கம்ப்ரசர் இருக்க வேண்டும்; காற்றிறங்கிய டயரோடு தார்ச்சாலையில் வேகமாகச் சென்றால் டயர் சூடேறி வெடிக்கும்.

ஓட்டும் முறையை ஒரு பத்தியில் சொல்லிவிட முடியாது என்றாலும் ஒன்றை வலியுறுத்துகிறேன். சேறு தொடங்கும் முன்பே நான்கு சக்கர இயக்கத்தையும் லோ கியரையும் போட்டுவிட்டு, இரண்டாவது கியரில் ஒரே சீரான வேகத்தில் செல்லுங்கள். நடுச்சேற்றில் கியர் மாற்றக் கிளட்சை மிதித்த அந்த நொடியில்தான் வண்டி நிற்கிறது. செங்குத்தான இறக்கத்தில் முதல் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும்; பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் சறுக்கும். சக்கரம் ஒரே இடத்தில் சுழலத் தொடங்கினால் உடனே காலை எடுங்கள். அதற்குமேல் கொடுக்கும் ஆக்சிலரேட்டர் எல்லாம் குழி தோண்டுவதற்கே பயன்படும்.

அருமனை வாசகர்: சென்ற ஆண்டு எங்கள் வண்டியை இழுத்தபோது கயிறு அறுந்து, கொக்கி பறந்துபோய்ப் பின்னால் நின்ற வண்டியின் கண்ணாடியை உடைத்தது. யாருக்கும் அடிபடவில்லை. வண்டியை மீட்கச் சரியான முறை என்ன?

யாருக்கும் அடிபடாதது உங்கள் நல்லகாலம். அந்தக் கொக்கி ஒரு நெற்றியில் பட்டிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எந்தக் கயிறு எதற்கு என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். நைலானில் செய்த மீள்கயிறு இழுக்கும்போது நீண்டு, பிறகு சுருங்கி, புதைந்த வண்டியை மெல்ல உருவி எடுக்கும். வண்டி ஓட்டத்தோடு இழுப்பதற்கு அது மட்டுமே ஏற்றது. நீளாத கயிறு, இரும்புக் கம்பி, சங்கிலி ஆகியவற்றை வெடுக்கென்று இழுத்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் மாட்டியிருக்கும் இடத்தில் இறங்கி, எது பலவீனமோ அது பிய்ந்து பறக்கும். லாரியில் சரக்குக் கட்டும் கயிறும் கிணற்றுக் கயிறும் இந்த வேலைக்கு உதவா.

எங்கே மாட்டுகிறீர்கள் என்பதும் அதே அளவு முக்கியம். சேஸியோடு போல்ட் போட்டு இறுக்கிய மீட்புக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டிரெய்லர் இழுக்கும் உருண்டை, பம்பர், வண்டியைக் கப்பலிலோ லாரியிலோ கட்டுவதற்காக அடியில் வைத்திருக்கும் வளையம் ஆகிய மூன்றிலும் மாட்டவே கூடாது. உங்கள் கொக்கி பறந்த கதையில் இந்த மூன்றில் ஒன்றுதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

விஞ்ச் (கம்பியை உருளையில் சுற்றி இழுக்கும் பொறி) இருந்தால் அவசரமே இல்லாமல் வேலை செய்யலாம். கோதையாற்றில் மின்வாரிய ஊழியர்களை மலைச்சரிவில் ஏற்றி இறக்கும் விஞ்சைப் பார்த்தவர்களுக்கு அதன் வலிமையை நான் விளக்க வேண்டியதில்லை. ஜீப்பின் மூக்கில் இருப்பது அதன் குட்டித் தம்பி. வண்டியின் மொத்த எடையைப்போல் ஒன்றரை மடங்கு இழுக்கும் திறன் அதற்கு வேண்டும். சேறு சக்கரத்தின் பாதி உயரத்துக்கு மேல் பிடித்துவிட்டால், வண்டியின் எடைக்குச் சமமான விசைகூடச் சில வேளைகளில் போதாது. அப்போது ஒரு கப்பியை மரத்தில் கட்டி, கயிற்றை அதன் வழியாக வண்டிக்கே திருப்பிக் கொண்டுவந்தால் இழுவிசை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். மரத்தில் கட்டும்போது அகலமான பட்டையைத்தான் சுற்ற வேண்டும். ரப்பர் மரத்தில் கட்டவே வேண்டாம்: அதன் பட்டைதான் அந்தத் தொழிலாளியின் சோறு, பட்டை காயப்பட்டால் அந்த இடத்தில் பால் வெட்ட முடியாது. ஆஞ்சிலி என்றும் சொல்லும் அயினியோ வேறு மரமோ எதுவாக இருந்தாலும், வேர் உறுதியான பெரிய மரமாகப் பாருங்கள்.

இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஒரு கனத்த சாக்கையோ ஈரக் கம்பளியையோ போட்டுவிடுங்கள். அறுந்தால் அதன் எடை கயிற்றைத் தரைக்கு இழுக்கும். வண்டிகளுக்குள் இருக்கும் ஓட்டுநர்களைத் தவிர மற்ற எல்லோரும் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில், பக்கவாட்டில் நிற்க வேண்டும். விஞ்சின் இரும்புக் கம்பியை வெறுங்கையால் தொடக் கூடாது. கட்டளை ஒருவரிடமிருந்து மட்டுமே வர வேண்டும். ஆளுக்கொரு பக்கம் "விடு, பிடி, நிறுத்து" என்று கத்திய இடங்களில்தான் விரல்கள் போயிருக்கின்றன.

ஆனால் கயிற்றைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். இரண்டு மண்வெட்டி, ஒரு கடப்பாறை, நாலைந்து பலகை அல்லது பிடிமானத் தட்டுகள், ஜாக்குக்கு அடியில் வைக்க ஒரு தடித்த மரத்துண்டு ஆகியவை ஒவ்வொரு குழுவிலும் இருக்கட்டும். சக்கரத்தின் முன்னே உள்ள சேற்றை வெட்டி அகற்றி, வண்டியின் வயிற்றுக்கு அடியில் மண் ஒட்டிப் பிடித்திருப்பதை விடுவித்து, கல்லோ பலகையோ வைத்தாலே பெரும்பாலான வண்டிகள் தாமாக ஏறிவிடுகின்றன. இருபது நிமிடம் மண் வெட்டச் சோம்பிய குழுதான் கயிற்றை அறுத்துக்கொள்கிறது.

திருவட்டாறு வாசகர்: வழியில் இரண்டு ஓடைகளும் ஒரு சப்பாத்தும் (தரைப்பாலம்) வருகின்றன. எவ்வளவு தண்ணீர் வரை கடக்கலாம்?

தாருக்கு 650 மில்லிமீட்டர் என்று நிறுவனம் சொல்கிறது. அது அசையாத தண்ணீருக்கு உரிய அளவு. ஓடும் வெள்ளத்தின் கணக்கு வேறு: முழங்காலுக்குக் கீழே, ஒரு அடி ஆழத்தில் பாயும் நீரே சிறிய காரை மிதக்கவிடும், இரண்டு அடி ஓட்டம் பெரும்பாலான ஜீப்புகளை அடித்துச் செல்லும். அடி தெரியாத கலங்கல் நீர் சப்பாத்தின் மேல் ஓடினால் நில்லுங்கள். தெளிந்த, மெதுவான ஓடையாக இருந்தால் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, கோலால் குத்திப் பார்த்து, நடந்து கடக்கட்டும். அவரால் நிலையாக நடக்க முடியாத இடத்தில் வண்டியும் போகக் கூடாது. கடக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் சாவியைத் திருப்ப வேண்டாம். சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் எஞ்சினே உடைந்துபோகும். கரையேறிய பிறகு பிரேக்கை மெல்ல நாலைந்து முறை மிதித்து உலர்த்திக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய கேள்வி, திரும்பி வருவது. மோதிரமலை, குற்றியாறு பக்கத்தில் தரைப்பாலம் மூழ்கி, அக்கரையில் உள்ள குடியிருப்புகள் துண்டிக்கப்பட்ட செய்திகளை நாம் பலமுறை படித்திருக்கிறோம். காலையில் கணுக்காலளவு இருந்த ஓடை, மேலே பெய்த மழையால் மாலையில் மார்பளவு வரும். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு மழை இல்லாமலும் வரும். காலையில் கடக்கும்போது கரையில் ஒரு கல்லை அடையாளம் வைத்துவிட்டுச் செல்லுங்கள். திரும்பும்போது அந்தக் கல் முழுகியிருந்தால் நீர் வடியும்வரை காத்திருங்கள். அதற்காகத்தான் ஒரு வேளைக்குக் கூடுதலாக உணவு எடுத்துச் செல்லச் சொல்கிறேன். அவித்த மரச்சீனியும் காந்தாரிச் சம்மந்தியும் ஒரு ஃபிளாஸ்க் கட்டன் சாயாவும் இருந்தால் மூன்று மணி நேரக் காத்திருப்பு கடினமாகத் தெரியாது.

பேச்சிப்பாறை வாசகர்: கீழ்க்கோதையாற்றிலிருந்து மேல்கோதையாறு ஏறி, மாஞ்சோலை வழியாக மணிமுத்தாறு இறங்க முடியுமா?

முடியாது. கீழிருந்து மேலே வாகனம் ஏறும் தொடர்பாதை கிடையாது. மேல்கோதையாற்றுக்கு வண்டிப்பாதை மணிமுத்தாறு, மாஞ்சோலை, குதிரைவெட்டி வழியாக, திருநெல்வேலி மாவட்டத்திலிருந்துதான் வருகிறது. அது 1988இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட களக்காடு–முண்டந்துறைக் காடு. 2023 ஜூனில் அரிக்கொம்பன் யானையைக் கொண்டுபோய் விட்டதும் அந்த மேல்கோதையாற்று வனத்தில்தான். வனத்துறையின் அனுமதி இல்லாமல் அங்கே செல்லும் எண்ணமே வேண்டாம்.

குளச்சல் வாசகர்: மலையில் கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை. வளைகுடாவில் வேலை செய்யும் என் அண்ணன் ஒரு சாட்டிலைட் போன் கொண்டுவருவதாகச் சொல்கிறார். பயன்படுத்தலாமா?

கூடாது. அரசின் உரிமம் இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். விமான நிலையத்திலேயே அண்ணன் சிக்கலில் மாட்டிக்கொள்வார். வண்டிகளுக்கு இடையில் பேச, உரிமம் தேவைப்படாத குறைந்த திறன் கொண்ட வாக்கிடாக்கிகள் கிடைக்கின்றன. வாங்கும்போது அது அந்த வகைதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அவையும் ஒரு மலைமடிப்புக்கு அப்பால் கேட்பதில்லை. ஆகவே பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் தெரியும்வரை முன்வண்டி வளைவைத் தாண்டக் கூடாது என்ற பழைய வழக்கத்தை விடாதீர்கள்.

பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள ஒரு மலைக்குடியிருப்பிலிருந்து: சென்ற மழையில் எங்கள் பாதையில் ஜீப்புகள் பல வந்து, சேற்றில் விளையாடிவிட்டுப் போய்விட்டன. மறுநாள் எங்கள் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஜீப் ஏறவில்லை. பிள்ளைகள் நடந்தே போனார்கள். பேறுகாலத்துப் பெண் ஒருத்தி எங்கள் ஊரில் இருந்தாள். அன்று அவளுக்கு வலி எடுக்காதது கடவுள் செயல். இது கேள்வி அல்ல. உங்கள் பத்திரிகையில் போட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஐயா, உங்கள் கடிதத்தை அப்படியே அச்சிட்டிருக்கிறேன். இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனென்றால் பல ஆண்டுகளுக்கு முன்பு நானும் இதைச் செய்திருக்கிறேன்.

நாங்கள் ஐந்து ஜீப்புகளில் ஒரு தோட்டத்தின் மேல்பாதையில் சென்றோம். கடைசி வண்டி ஏற மறுத்தது. ஒரு மணி நேரம் சக்கரத்தைச் சுழற்றி, முழங்காலளவு இரண்டு தடங்களை வெட்டிவிட்டு, ஏறிய மகிழ்ச்சியில் படமெடுத்துக்கொண்டு திரும்பினோம். இரண்டு வாரம் கழித்துத் தோட்ட மேற்பார்வையாளரைப் பார்க்கச் சென்றபோது அவர் என்னைத் திட்டவில்லை. அந்த இடத்துக்கு அழைத்துச் சென்று காட்டினார். எங்கள் தடம் வழியாக மழைநீர் வாய்க்காலாக இறங்கி, பாதையின் ஓரத்தையே அறுத்துக்கொண்டு போயிருந்தது. அதிகாலை நாலரைக்கு நெற்றி விளக்கோடு பால்வெட்டச் சென்ற ஒருவர் பைக்கோடு அதில் விழுந்து, மணிக்கட்டை ஒடித்துக்கொண்டு, ஒரு மாதம் கூலி இழந்திருந்தார். அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அந்த மாதக் கூலியையும் கொடுத்தேன். பிறகு நண்பர்களோடு மண்வெட்டி எடுத்துச் சென்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாதையைச் சரிசெய்தோம். பாதையை எப்படிச் சரிசெய்வது என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

அதை மற்ற வாசகர்களுக்குச் சொல்கிறேன். தடத்தில் வெறும் மண்ணைத் தள்ளி மூடினால் அடுத்த மழையில் அது கரைந்துவிடும். முதலில் தண்ணீரை வெளியேற்ற வேண்டும்: பாதையின் குறுக்கே சாய்வாக, பள்ளத்தின் பக்கம் திறக்கும் சிறு வாய்க்கால்களை வெட்ட வேண்டும். பிறகு தடத்தில் பெரிய கல்லைப் பரப்பி, இடுக்கில் சரலைப் போட்டு, மிதித்து இறுக்க வேண்டும். ஒரு குழு பத்து மீட்டர் பாதையைக் கெடுக்க ஐந்து நிமிடம் போதும். செப்பனிட நான்கு பேருக்கு அரை நாள் ஆகும். அந்த அரை நாளைத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ள முடியாதவர்கள் மலைக்கு வர வேண்டாம்.

குடியிருப்புகளுக்குச் செல்லும் ஒரே பாதை என்றால், மழைக்காலத்தில் அதை உங்கள் பட்டியலிலிருந்தே அடித்துவிடுங்கள். அங்கே வாழும் காணிப் பழங்குடி மக்களுக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் பள்ளி, ரேஷன், ஆஸ்பத்திரி மூன்றுக்கும் அதுதான் வழி. வேறு காலத்தில் செல்ல நேர்ந்தால் முதல் நாளே ஊரில் கேளுங்கள். வழிகாட்ட ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துக்கொள்ளுங்கள். எதிரே எஸ்டேட் ஜீப் வந்தால் நீங்கள் பின்வாங்கி வழிவிடுங்கள். அவர்கள் முற்றத்தைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கொண்டுபோன பிளாஸ்டிக் ஒன்றுவிடாமல் உங்களோடு இறங்க வேண்டும்.

ஐயா, அந்தப் பாதை இன்னும் பழுதாகவே கிடந்தால் பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். நானும் மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த சில வாசகர்களும் வருகிறோம்.

கருங்கல், ஒரு தாய்: என் மகனுக்கு இருபத்து மூன்று வயது. நண்பர்களோடு ஜீப்பில் மலைக்குப் போகிறான். தடுக்க விருப்பமில்லை, பயமாகவும் இருக்கிறது. அவனிடம் என்ன கேட்க வேண்டும்?

அம்மா, தடுக்காமல் விசாரிக்கிறீர்களே, அதுவே நல்லது. அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை வண்டி, யார் தலைமை, எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், அந்தத் தோட்ட மேற்பார்வையாளரின் எண் என்ன என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழுவில் யாரும் குடிப்பதில்லை என்ற உறுதியையும் கேளுங்கள். இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். அட்டைக்கடி பெரிய தீங்கல்ல. உப்பு வைத்தால் விழுந்துவிடும். ஆனால் மழைக்காலத் தேங்குநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். காலில் புண் இருந்தால் அதன் வழியே உள்ளே போகும். திரும்பி வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், சேற்றில் இருந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். பாம்பு கடித்தால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து, நடக்கவிடாமல், விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவர்கள் செல்லும் இடத்திலிருந்து எவ்வளவு நேரம் ஆகும் என்று மகனிடம் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரிந்துகொண்டு வந்து சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அவன் மலையிலிருந்து இறங்கிச் சிக்னல் கிடைத்ததும் உங்களுக்கு அழைக்க வேண்டிய நேரத்தை, மாலை ஆறு மணி என்று, இருவரும் சேர்ந்து முடிவுசெய்யுங்கள். ஏழு மணிவரை அழைப்பு வராவிட்டால், அவன் திட்டுவானோ என்று யோசிக்காமல், அந்தத் தாளை எடுத்து அதில் உள்ள தோட்ட மேற்பார்வையாளரின் எண்ணுக்கு முதலில் பேசுங்கள். அவர் எடுக்காவிட்டால் 112க்கு அழைத்து, தாளில் உள்ள வழியை அப்படியே படித்துக் காட்டுங்கள்.